கன்னியம்மா கண்ணைத் திறந்த படம்

எங்கள் போட்டோத் தொழில்காரர்கள் சேர்ந்து நடத்தும் சிறு பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி, போன மாதம் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருவர் தோளிலும் ஆளுக்கொரு காமிரா தொங்கியது. வெற்றிலைப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே சுருள் பிலிம். முக்காலி வேண்டாம், கறுப்புத் துணி வேண்டாம், உட்காருகிறவரின் சம்மதம்கூட வேண்டாம் போலிருக்கிறது. நான் காபி தம்ளரை நீட்டும்போதே என்னைப் படம் எடுத்துவிட்டார்கள். அதில் ஒருவர், “ஐயா கொஞ்சம் அசைஞ்சுட்டீங்க, படம் ஆடிப் போயிருக்கும்” என்று வருத்தப்பட்டார். ஆடிப்போன படத்துக்கு வருத்தப்பட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குக் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குப் பேச வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.

பேச வராது என்பதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. என் தகப்பனார் தென்ஜில்லாவிலிருந்து வந்து ராயபுரத்தில் பலசரக்குக் கடை வைத்தவர். எட்டாவது முடித்ததும் என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார். யாராவது வந்து துவரம்பருப்பு இருக்கிறதா என்று கேட்டால் நான் பருப்பு மூட்டையைப் பார்ப்பேன். வந்தவரும் பார்ப்பார். இருவருமாகக் கொஞ்ச நேரம் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பிறகு அவர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். “ஏல ஞானமுத்து, நீ பாத்துக்கிட்டே இருந்தா மூட்ட தானா எந்திச்சு வந்து தராசுல ஏறுமால?” என்பார் அப்பா. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, வாய் திறக்க வேண்டாத வேலை எங்கே இருக்கிறது என்று விசாரித்து, நாயுடு மாஸ்டரின் போட்டோ ஸ்டூடியோவில் கொண்டுபோய் விட்டார்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட அன்றே இந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். உள்ளே இருட்டு. எதிரே தேய்த்த கண்ணாடி. அதில் உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகத் தெரிவார். எவ்வளவு பெரிய மனிதரானாலும் தலைகீழாகத் தொங்கும்போது அவரிடம் கூச்சம் வருவதில்லை. துணிக்குள்ளிருந்து நான் தாராளமாகப் பேசுவேன். “கொஞ்சம் வலது பக்கம், ஐயா” என்பேன். பேசியது பெட்டிதான் என்று நினைத்துப் பெட்டிக்குப் பதில் சொன்னவர்களும் உண்டு.

கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படம் பதிகிற கண்ணாடி பிளேட்டுகளைக் கழுவினேன். மருந்துத் தண்ணீர் கலந்தேன். மொட்டை மாடியில் வெயிலில் பிரிண்டுச் சட்டங்களைப் பரப்பி வைத்துக் காக்கை விரட்டினேன். அதே மருந்துத் தண்ணீர் பின்னாளில் என் கைத்தோலை வெடிக்க வைத்து, ஐம்பது வயதுக்குள் என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டது.

மாஸ்டரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எதிரே உட்கார்ந்தவரின் உறுப்புகளோடு மட்டும்தான் பேச்சு. “தோளு, கீழ எறங்கு. மூக்கு, ஜன்னல் பக்கம். வயிறு, நீ உள்ள போ.” கப்பலில் வந்த வெள்ளைக்கார இஞ்சினீயர்களுக்கும் இதே தமிழ்தான். அவர்கள் வயிறும் உள்ளே போகும். அவர் யாரையும் சிரிக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எல்லா உறுப்பும் அதனதன் இடத்துக்கு வந்ததும் லென்ஸின் மூடியைக் கழற்றி, வட்டமாக ஒரு வீச்சு வீசித் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வார். பிறகு எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று வெறுமனே எண்ணினால் அவசரப்பட்டுவிடுவோமாம். “ஒரு இட்லி, ரெண்டு இட்லி, மூணு இட்லி” என்று நிதானமாகச் சொல்வார். ஓர் இட்லி சரியாக ஒரு விநாடி. மழை நாளில் பத்து இட்லி வரைக்கும் போகும். உட்கார்ந்திருப்பவர் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். யாராவது அசைந்து பிளேட் ஆடிப்போனால், பின்கட்டில் இருந்த தகர டிரம்மில் போட்டுத் தன் கையாலேயே உடைப்பார். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கு நாங்கள் யாரும் அவர் பக்கம் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழைய காமிராவையும் மீந்துபோன பிளேட்டுகளையும் கொடுத்து என்னை வெளியே அனுப்புவார். இந்தப் பட்டணத்தை நான் அப்படித்தான் பார்த்தேன், அதுவும் தலைகீழாக. துறைமுகத்துக் கிரேன்கள் வானத்திலிருந்து தொங்கின. எண்ணூர்க் கழிமுகத்தில் ஓடங்கள் கூரையில் ஒட்டிக்கொண்டு மிதந்தன. திருவொற்றியூர்த் தேர் ஒரு பெரிய கொத்துப்போல் கீழ்நோக்கித் தொங்கியது. மனிதர் யாரும் இல்லாத இடமாகத் தேடிப் போவேன். மனிதர் வந்துவிட்டால் அவர் போகும் வரை காத்திருப்பேன். என் படங்களை வரிசையாகப் பார்த்த மாஸ்டர் ஒருநாள் கேட்டார். “இன்னாய்யா ஞானம், நீ போற எடத்துல எல்லாம் ஜனங்க காலி பண்ணிட்டு ஓடிப் போயிட்றாங்களா?”

இப்போது நாயுடு கண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொல்லப் போவது விளங்காது.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்கள் படம் எடுத்துக்கொள்வது குறைவு. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம். ஆள் போன பிறகு அந்தப் பயம் இல்லையே. அதனால் சாவு வீட்டிலிருந்துதான் ஆள் வரும். உடம்பைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். படம் எடுத்துவிட்டு வந்து, மாஸ்டர் மெல்லிய தூரிகையால் மூடிய இமைகளின் மேல் கண் எழுதுவார். அதில் அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் அவருக்கு ஒரே ஒரு கண்தான் எழுத வரும். பெரிய, வட்டமான, ஏதோ நல்ல சேதி கேட்டதுபோல் லேசாகத் திகைத்த கண். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் சுவரில் மாட்டியிருந்த எல்லா அப்பாக்களும் மாமனார்களும் அந்த ஒரே கண்ணால்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பத்தில் யாருக்காவது உடம்பு மோசம் என்றால், “இன்னா, நாயுடு கண்ணு வெச்சாச்சா?” என்று கேட்கும் வழக்கமே வந்துவிட்டது. மாஸ்டர் அதைத் தனக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கன்னியம்மா எங்கள் படி ஏறியது ஒரு வெயில் கால காலையில். குப்பத்து மீன்காரி. இடுப்பில் காலிக் கூடை, கூடவே அவள் மகள் செல்லம். வந்ததும் வராததுமாக மாஸ்டரிடம் சொன்னாள்.

“என் புள்ள நான் செத்துட்டேன்றான் நைனா. நான் சாவலன்னு அவன்கிட்ட சொல்லணும். அதுக்கு இன்னா செய்யணுமோ செய்.”

மகன் பெயர் முனுசாமி. ரங்கூனில் அரிசி மில்லில் வேலை. இங்கிருந்து கப்பல் ஏறிப் போன யாரோ ஒருவன், ராயபுரத்துக் கன்னியம்மா காய்ச்சலில் போய்விட்டாள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறான். போனது வேறொரு கன்னியம்மா. அவன் அழுது எழுதிய கடிதம் வந்ததும் செல்லம் உடனே பதில் எழுதிப் போட்டாள். அவன் நம்பவில்லை. அக்கரையில் தனியாக இருப்பவன் மனசு உடைந்துவிடக் கூடாதென்று தங்கை மறைக்கிறாள் என்று அவனாகவே முடிவு செய்துவிட்டான். அம்மா இருப்பது நிஜமானால் அவள் போட்டோவை அனுப்பு, வருகிற அமாவாசை வரைக்கும் பார்ப்பேன், வராவிட்டால் தலையை மொட்டையடித்து இங்கேயே ஆற்றங்கரையில் கருமாதி செய்துவிடுவேன், அப்புறம் அந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று பதில் எழுதியிருந்தான்.

“உசுரோட கீற எனக்கு கருமாதி” என்று கன்னியம்மா சொன்னபோது குரலில் கோபம்தான் இருந்தது. ஆனால் கூடையின் விளிம்பை அவள் விரல்கள் பிய்த்துக்கொண்டிருந்தன. அவளுக்கு அவன் ஒரே ஆண் பிள்ளை.

மாஸ்டருக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார். “தல, நேரா. கழுத்து, அங்கியே. கண்ணு, என்னப் பாரு.” கண் பார்த்தது. துணிக்குள்ளிருந்து நானும் பார்த்தேன். நல்ல பெரிய கண்கள். மாஸ்டர் மூடியைக் கழற்றி வீசினார். மூன்று இட்லி எண்ணினார். இருட்டறையில் கழுவிப் பார்த்தால், கசப்பு மருந்துக்குப் பயந்த குழந்தைபோல் இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி எடுத்தார். மறுபடியும் அப்படியே.

“நான் தொறந்துகினுதான் நைனா இருந்தேன்” என்றாள் கன்னியம்மா. “மூடிய எடுத்ததும் அதுங்களா மூடிகிது. நான் இன்னா பண்றது?”

ஏன் என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தாள். “உன் பொட்டி மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா என் வூட்டுக்காரரையும் இதே பொட்டி முன்னாலதான் ஒக்கார வெச்சாங்க. அப்ப அவுரு பூட்டிருந்தாரு.”

மாஸ்டர் அவளைச் சமாதானம் செய்து அனுப்பினார். பிறகு என்னிடம், மூடிய கண்ணைத் திறப்பதுதானே நம் தொழில் என்று சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தூரிகையோடு உட்கார்ந்தார். அரை நாள் வேலை. அவர் எழுதியதில் அதைவிட நல்ல கண்களை நான் பார்த்ததில்லை. மறுநாள் வந்த செல்லத்திடம் படத்தைக் கொடுத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தார். அவள் படத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

“எங்கப்பாவுக்கும் இதே கண்ணுதான் வெச்சீங்க” என்றாள். “எங்கண்ணன் இந்தக் கண்ணப் பாத்துகினே வளந்தவன். இத அனுப்புனா அமாவாசை வரிக்கும்கூட நிக்க மாட்டான், அன்னிக்கே மொட்ட போட்டுக்குவான்.”

மாஸ்டர் அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தன் கண்ணைத் தானே அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாரோ என்னவோ. பிறகு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார்.

அடுத்த நாள் மீன் மார்க்கெட்டுக்கே காமிராவைக் கொண்டு போனோம். அவள் தொழில் செய்யும் இடத்தில் கண் தன்னை மறந்து திறந்திருக்கும் என்பது மாஸ்டரின் கணக்கு. முக்காலியை விரித்ததுமே குப்பம் பூராவும் திரண்டு வந்து அவளைச் சுற்றி வரிசையாக நின்றது. அத்தனை பேரும் கண்ணை அகல விரித்து, மூச்சைப் பிடித்து, கல் மாதிரி நின்றார்கள். நடுவில் கன்னியம்மா ஒருத்தி மட்டும் கண்ணை மூடியிருந்தாள்.

தபால் கப்பல் அந்த வாரக் கடைசியில் கிளம்புவதாக இருந்தது. அதற்கடுத்த கப்பலில் போனால் அமாவாசை தாண்டிவிடும். மாஸ்டர் இரவெல்லாம் யோசித்திருக்க வேண்டும். காலையில் வந்து, இவள் இதுவரை பார்க்காத இடமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றினால் பார்க்கிற ஆச்சரியத்தில் மூட மறந்துவிடுவாள் என்றார். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்த கன்னியம்மா, கடலையும் மார்க்கெட்டையும் தண்டையார்பேட்டையையும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. அன்று செல்லம் மீன் விற்கப் போனாள். நாங்கள் மூவரும் கிளம்பினோம்.

மாஸ்டர் கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டார். கன்னியம்மா காலிக் கூடையை எடுத்துக்கொண்டாள். அது இல்லாவிட்டால் இடுப்பு நேராக நிற்காதாம். டிராமில் கூட்டம். ஆனால் கூடையின் வாசனைக்கு ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போக, எங்களுக்கு உட்காரத் தாராளமாக இடம் கிடைத்தது. “நல்ல மனுசாளுங்க” என்று கன்னியம்மா சந்தோஷப்பட்டாள்.

துறைமுகத்து வாசலில் இறங்கினோம். நீராவிக் கிரேன் மூட்டைகளை அள்ளித் தூக்குவதை வாய் பிளந்து பார்த்தாள். முக்காலியை விரித்தேன். கண் மூடியது. ஹைகோர்ட்டுக்கு எதிரே நின்று கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்தாள். நான் துணியை உதறினேன். கண் மூடியது. சென்ட்ரல் மணிக்கூண்டைப் பார்த்து, இவ்வளவு உயரத்தில் மணி காட்டினால் கடலில் இருக்கிற ஆம்பிளைகளுக்குத் தெரியுமா என்று மாஸ்டரைக் கேட்டாள். அவர் பதில் சொல்லிக்கொண்டே மெதுவாக மூடியைக் கழற்றிப் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை. கண் மட்டும் மூடிக்கொண்டது.

உயிர் காலேஜுக்கும் போனோம். மிருகங்களை உயிரோடு வைத்திருக்கும் இடத்துக்கு அப்போது ஊரில் அதுதான் பெயர். சிங்கத்தின் கூண்டுக்கு முன்னால் அவளை நிறுத்தினார் மாஸ்டர். சிங்கத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு யார் கண்ணை மூடுவார்கள் என்றார். அவள் மூடினாள். அவளைப் பார்த்த சிங்கமும் மூடிக்கொண்டது. அந்தப் பிளேட் நெடுநாள் எங்களிடம் இருந்தது. இருவரும் நிம்மதியாகத் தூங்குவதுபோல் அழகாக வந்திருந்தது.

கடைசியாகக் கூவம் ஆற்றங்கரைக்கு நடந்தோம். கரையோரமாகப் புல், நிழல் மரங்கள், நாலைந்து பெஞ்சுகள் என்று ஒரு சிறு பூங்கா. அப்போது ஆறு ஆறாகத்தான் இருந்தது. படகு போகும், மீனும் அகப்படும். மிச்சமிருந்தது ஒரே ஒரு பிளேட். மாஸ்டர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். தன் தொழிலில் இப்படி ஒரு ஜோடிக் கண்ணைக் கண்டதில்லை என்றார். பிறகு சோடா குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி ரோட்டுப் பக்கம் போனார். கன்னியம்மா மர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

சும்மா நிற்பானேன் என்று நான் காமிராவை ஆற்றின் பக்கம் திருப்பி, கரையில் கட்டியிருந்த ஒரு படகைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாத படகு. எனக்குப் பிடித்த மாதிரி படம்.

அந்தப் படகுக்குப் பக்கத்தில் வீச்சுவலைக்காரன் ஒருவன் வந்து இலையில் மீனைப் பரப்பினான். உலாவ வந்த குமாஸ்தா மாதிரி ஒருவரிடம், காலையில் பிடித்த மடவை, இன்னும் துடிப்பு அடங்கவில்லை என்று விலை சொன்னான். என் கண்ணாடிக்குள் தலைகீழாக ஒரு கூடை நுழைந்தது. கூடைக்குப் பின்னால் கன்னியம்மா.

“இன்னாது, காலைல புடிச்சதா?” ஒரு மீனை எடுத்துச் செவுளைப் பிளந்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். “செவுளு வெளுத்துப் போயி கீது. கண்ணு உள்ள பூந்துகிச்சி. இது முந்தாநேத்து செத்த மீனு. யார்கிட்ட கத உட்றே?”

வாங்க வந்தவர் நைசாக நழுவிவிட்டார். வலைக்காரனுக்கு வந்ததே ஆத்திரம். அவள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னான். அவள் போகவில்லை. கை ஆடியது, கையோடு மீனும் ஆடியது. இரண்டு பேரின் குரலும் ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். நான் துணிக்குள் நின்று அந்தக் கண்களைப் பார்த்தேன். தலைகீழாக, அகலமாக, நெருப்பு மாதிரி திறந்திருந்தன.

இங்கே எங்கள் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணிக்குள் உருவம் தெரியும்போது படம் எடுக்க முடியாது. லென்ஸை மூடி, கண்ணாடி இருந்த இடத்தில் பிளேட்டுப் பெட்டியைச் செருகி, அதன் தகட்டை உருவ வேண்டும். அதற்குப் பிறகு துணிக்குள் பார்க்க ஒன்றுமில்லை. வெளியே வந்து, எதிரே இருப்பவரை நம் கண்ணால் நேராகப் பார்த்துக்கொண்டுதான் மூடியைக் கழற்ற வேண்டும். அதுவரை அது மாஸ்டரின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கழற்றியதெல்லாம் படகுக்கும் புகைபோக்கிக்கும்தான். மாஸ்டரைத் தேடினேன். காணோம். சண்டையைப் பார்க்க ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். பிளேட்டைச் செருகித் தகட்டை உருவினேன். துணியைத் தள்ளிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அப்போது வலைக்காரன் சொன்னான். “மீனப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?”

கன்னியம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. வாய் திறந்தபடி, கண் திறந்தபடி அவனையே பார்த்தாள். கை மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. நான் மூடியைக் கழற்றினேன். வீசவில்லை. ஓர் இட்லியை முழுதாகச் சொல்லவும் தைரியம் வரவில்லை. மூடிவிட்டேன்.

மாஸ்டர் மீசையில் சோடாவோடு திரும்பி வந்து பிளேட் எங்கே என்று கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன்.

“எத்தினி இட்லி?”

“அர இட்லி, மாஸ்டர்.”

ராயபுரம் வந்து சேரும் வரை அவர் என்னோடு பேசவில்லை. கன்னியம்மாதான் வழியெல்லாம் அந்த வலைக்காரனின் ஏழு தலைமுறையைப் பற்றி எங்களிடம் பேசிக்கொண்டு வந்தாள்.

சிவப்பு விளக்கின் அடியில் பிளேட் மெல்ல மெல்லத் தெளிந்தது. மாஸ்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, டிரம்மில் போட வேண்டியது என்றார். அவசரத்தில் நான் வாங்கிக்கொண்டு போய் ஒரு பிரிண்டு போட்டுவிட்டேன். அதைப் பார்த்தபோது அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது. முகம் தெரிந்தது. கண்கள் இரண்டும் திறந்திருந்தன. ஆனால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. தலைமுடி புகையாகப் போயிருந்தது. வலது கை மூன்று கைகளாகப் பிரிந்து விசிறி மாதிரி விரிந்திருந்தது. பிடித்திருந்த மீன் வெறும் வெள்ளைக் கீற்றாக நின்றது. ஓரத்தில் வலைக்காரனின் முழங்கை வேறு.

மறுநாள் சாயங்காலம் செல்லம் வந்தாள். மாஸ்டர் வெட்கத்தோடு, படம் அமையவில்லை, ஆடிப்போய்விட்டது, இனி எடுக்க நேரமில்லை என்றார். எதற்கும் காட்டுங்கள் என்றாள். நான் கொடுத்தேன். அவள் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை.

“இதான் எங்கம்மா” என்றாள்.

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று கை இருக்கிறது, மூக்கு இடம் மாறியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார்.

“சண்டையில எங்கம்மா கை மூணாத்தான் தெரியும்” என்றாள் செல்லம். “நீ எடுத்த படத்துல எங்கப்பா இன்னா தெளிவா கீறாரு பாத்தியா? ஒரு மயிரு ஆடல. ஏன்னா அவுரு பூட்டாரு. செத்தவங்க ஆடுவாங்களா நைனா?”

மாஸ்டர் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஸ்டூடியோவில் எத்தனையோ வருஷமாக எல்லாரையும் ஆடாமல் உட்காரவைத்தவர் அவர். கடைசியில், இதைத் தன் ஸ்டூடியோ பெயர் அச்சிட்ட அட்டையில் ஒட்ட முடியாது என்று மட்டும் சொன்னார். பெயர் வேண்டாம், படத்தைக் கொடு என்றாள் அவள். வெறும் அட்டையில் ஒட்டினார். ஒட்டும் முன் வழக்கம்போல் ஓரங்களைக் கத்தரித்தார். வலைக்காரனின் முழங்கையும் அதோடு போயிற்று. படம் தபால் கப்பலில் ஏறியது.

அமாவாசை வந்தது. பதில் வரவில்லை. கப்பல் தாமதமா, படம் கிடைத்தும் நம்பவில்லையா, யாருக்கும் தெரியாது. அன்று எங்கள் வீட்டுக்கு மீன் தேவையில்லை. இருந்தாலும் மார்க்கெட்டுக்குப் போனேன். கன்னியம்மா கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கூவவில்லை. என்னைப் பார்த்து, “இந்நேரம் அங்க மொட்டயடிச்சுகினு தண்ணியில நிக்கிறானோ இன்னாவோ தம்பி” என்றாள். இருவருமாகக் கொஞ்ச நேரம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளே ஒரு மீனை எடுத்துச் செவுளை எனக்குக் காட்டினாள். சிவப்பாக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த கப்பல்களில் ஒன்றில் முனுசாமி வந்து இறங்கினான். பதில் கடிதத்துக்குப் பதிலாக ஆளே வந்துவிட்டான். கன்னியம்மா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையாம், முதலில் தலையைத்தான் பார்த்தாளாம் என்று செல்லம் பின்னால் சொன்னாள். தலை நிறைய முடி இருந்தது.

மறுநாள் அவன் ஸ்டூடியோவுக்கு வந்தான். கன்னியம்மா வாசலில் கூடையோடு நின்றுவிட்டாள். பெட்டி இருக்கும் அறைக்குள் வர அவளுக்கு மனமில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தான். அட்டையின் மூலைகள் மழுங்கியிருந்தன. கம்ப்ளெயின்ட் சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து மாஸ்டர் முந்திக்கொண்டு, அது சரியாக வராத படம்தான், வேறு எடுத்துத் தருகிறேன் என்றார்.

அதெல்லாம் வேண்டாம் என்றான் அவன். மில்லில் இதைக் காட்டாத ஆளே இல்லையாம். தங்கியிருந்த இடத்தில் சுவரில் குத்தி வைத்திருந்தானாம்.

“பாத்தவன் எல்லாம் கேட்டான், இன்னாடா உங்கம்மா யார இந்தத் திட்டு திட்டுதுன்னு. கையில அது இன்னா, தொடப்பமான்னு. தொடப்பந்தான், என்னத்தான் திட்டுதுன்னு சொன்னேன். கருமாதி பண்றேன்னு எழுதுனா பின்ன திட்டாம இன்னா பண்ணும்? தெனம் காலைல எழுந்தா அந்தக் கண்ணு என்னையே பாத்துகினு கீது. அதுக்கு மேல அங்க எப்டி ஒக்காந்துகினு இருக்கறது? கப்பல் ஏறிட்டேன்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். கன்னியம்மா கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

“பின்ன, உன்னத்தான்டா” என்றாள்.